மண்டபம்–ராமநாதபுரம் தினசரி ஓட்டத்துக்கு எந்த எலக்ட்ரிக் பைக்?

மண்டபத்தில் வீடு, ராமநாதபுரத்தில் வேலை, தினமும் போய் வர 75 கிலோமீட்டர் சுமார், ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோடு பாம்பனில் மாமனார் வீடு, கையில் ஒன்றேகால் லட்சம், எந்த எலக்ட்ரிக் பைக் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "உப்புக்காத்துல ரெண்டே வருஷத்துல மக்கிப்போயிரும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, உங்கள் கேள்வியே அதுதான் என்று எனக்குப் படுகிறது. எந்தக் கம்பெனி என்பது அப்புறம். இந்தக் கரையில் வண்டி தாங்குமா, காலையில் எடுத்துப்போனால் சாயங்காலம் வழியில் நிற்காமல் வீடு வந்து சேருமா, இந்த இரண்டும்தான் தெரிய வேண்டும். நான் முதலில் விசைப்படகுகளுக்கு வயரிங், செல்ஃப் மோட்டார் வேலை பார்த்தவன், சில வருடங்களாகப் பேட்டரி வண்டிகளின் சார்ஜர், கன்ட்ரோலர் வேலையும் சேர்ந்துகொண்டது. எந்த ஷோரூமோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

தூரத்திலிருந்தே ஆரம்பிப்போம். விளம்பரத்தில் வரும் "150 கிலோமீட்டர்" மாதிரியான எண்களை மறந்துவிடுங்கள். அது சோதனைக்கூடத்தில், ஒரே ஆளின் எடையில், ஒரு குறிப்பிட்ட ஓட்டுமுறையில் எடுத்த கணக்கு. பொய் என்று சொல்லவில்லை, நம் ரோட்டுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். பேட்டரியின் அளவை மட்டும் பாருங்கள். கிலோவாட்-ஹவர் (kWh) என்று போட்டிருப்பார்கள், அது வேறொன்றுமில்லை, வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். தனி ஆளாக 40, 45 வேகத்தில் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு 30லிருந்து 35 கிலோமீட்டர் கிடைக்கும். இரண்டு பேர் ஏறினாலோ நெடுஞ்சாலையில் 60க்கு மேல் முறுக்கினாலோ 25க்கு இறங்கிவிடும். ஆக உங்கள் 75 கிலோமீட்டருக்கு, காற்றில்லாத நாளில், இரண்டரை யூனிட்டுக்குள் முடியும். மூன்று யூனிட் பேட்டரி போதும் போலத் தெரியும், ஷோரூம்காரரும் அதைத்தான் சொல்வார்.

ஆனால் கச்சான் என்று ஒன்று இருக்கிறதே. மே கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் நீங்கள் போவது மேற்கு முகமாக, காற்று முகத்திலும் இடது விலாவிலும் அடிக்கும். வண்டி 40 வேகத்தில் போக, எதிர்க்காற்று 30 வேகத்தில் வந்தால், உங்கள் நெஞ்சில் படும் காற்றின் வேகம் 70. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. 40க்கும் 70க்கும் கணக்குப் போட்டால் மூன்று மடங்கு வருகிறது. டயரின் உராய்வு அப்படியே இருப்பதால் மொத்தச் செலவு மூன்று மடங்கு ஆகாது, ஆனால் இரண்டு மடங்குக்கு மேலே போய்விடும். நேர் எதிர்க்காற்றுக்கு இந்தக் கணக்கு, காற்று சாய்வாக வந்தால் கொஞ்சம் குறையும். சாயங்காலம் அதே காற்று முதுகில் தள்ளுமே, சரிக்குச் சரி ஆகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. பின்காற்றில் மிச்சமாவது காலையில் செலவான கூடுதலில் பாதிகூட வராது, அந்த வர்க்கக் கணக்குதான் காரணம். பெட்ரோல் வண்டிக்கும் இதேதான் நடக்கிறது, ஆனால் வழியில் பங்க் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கச்சான் பலமாக இருக்கும் நாளில் உங்களுக்கு மூன்று யூனிட்டை ஒட்டிச் செலவாகும். பேட்டரியைக் காலியாக்கி ஓட்டக்கூடாது, அடியில் 15 சதவீதமாவது நிற்க வேண்டும். நாலைந்து வருடத்தில் எந்த லித்தியம் பேட்டரியும் கொஞ்சம் கொள்ளளவு இழக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். அப்படியானால் நான்கு யூனிட்டுக்குப் பக்கத்தில் பேட்டரி வேண்டும், அது உங்கள் பட்ஜெட்டை இடிக்கும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு, அதை நீங்கள் எழுதவில்லை. அலுவலகத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக் கிடைக்குமா? காலை பத்திலிருந்து சாயங்காலம் வரை வண்டி சும்மாதானே நிற்கிறது. கம்பெனி கொடுக்கும் சாதாரண சார்ஜரே அந்த நேரத்தில் காலைச் செலவை முழுக்க நிரப்பிவிடும், ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டுக்குள் வரும், முதலாளியிடம் மாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம். பிளக் உண்டு என்றால் மூன்று யூனிட் வண்டி தாராளம். இல்லையென்றால் மூன்றரைக்குக் கீழே பார்க்கவே வேண்டாம், கச்சான் மாதங்களில் மட்டும் 40ஐத் தாண்டாமல் ஓட்டப் பழக வேண்டும். வழியில் ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கிறதே என்று நம்பி வாங்காதீர்கள். எல்லா வண்டிக்கும் எல்லா சார்ஜரும் பொருந்தாது. ஏத்தர் கம்பெனி வடிவமைத்த பிளக்கை 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இரு சக்கர வாகனங்களுக்கான ஒரு தரமாக ஏற்றது, ஹீரோவின் விடா வண்டிகளும் அதில் சார்ஜ் ஏறும், ஆனால் எல்லாக் கம்பெனியும் அதற்கு மாறிவிடவில்லை.

அறுபதாயிரம் ரூபாய் வண்டி, பதிவு, லைசென்ஸ் எதுவும் வேண்டாம் என்று விற்கிறார்களே, அது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அது ஆகாது. சட்டப்படி மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. 25 வேகத்தில் ராமநாதபுரம் போக ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் தேசிய நெடுஞ்சாலையில், ராமேசுவரம் போகும் டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவில். "ஒரு வயரைக் கழற்றினால் 45 போகும்" என்று சில கடைகளில் காதோடு சொல்வார்கள். அந்த வயரைக் கழற்றிய நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது, ஒரு விபத்து நடந்தால் நஷ்டஈடு முழுக்க உங்கள் தலையில். அந்த விலையில் வருபவற்றில் பல இன்னமும் லெட் ஆசிட் பேட்டரி, தினமும் இவ்வளவு தூரம் ஓட்டினால் சீக்கிரமே மாற்றச் சொல்லும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை போகும் பெரியவர்களுக்கு அவை போதும், அவற்றை நான் குறை சொல்லவில்லை.

சரி, உப்புக்கு வருவோம். பயமுறுத்துகிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கடல் காற்றில் வரும் உப்பு, வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. உப்பு தானாகத் துருப்பிடிக்க வைக்காது, ஈரம் வேண்டும். ஆனால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு தண்ணீராகிவிடும், மண்டபத்தில் ராத்திரி நேரத்தில் அது சர்வசாதாரணம். மழையே பெய்யாத மாதத்திலும் காலையில் சீட்டைத் தொட்டால் பிசுபிசுப்பது அதனால்தான். அந்தப் பிசுபிசுப்பு மின்சாரம் கடத்தும். இரும்பில் துருவாகவும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகவும், செம்பில் பச்சைக் களிம்பாகவும் வெளியே வரும்.

பலரும் பயப்படுவது பேட்டரிக்கு. பேட்டரி பெட்டி பெரும்பாலும் ஐபி67 தரத்தில் நன்றாக அடைக்கப்பட்டு வருகிறது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே தண்ணீர் இறங்காது என்று அர்த்தம். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல் தண்ணீரில் இல்லை. தனுஷ்கோடியில் அலை ஓரம் வண்டியை இறக்கிப் படம் பிடிக்கிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். என் கைக்கு வருகிற வண்டிகளில் பேட்டரி போனது அபூர்வம். வருவதெல்லாம் சின்னச் சின்ன இடங்கள்: சார்ஜிங் சாக்கெட் பின்னில் களிம்பு, பிரேக் லீவரில் இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொள்வது, சைடு ஸ்டாண்ட் சென்சார், ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டர். சைடு ஸ்டாண்ட் சென்சார் கெட்டால் வண்டி நகரவே நகராது, ஸ்டாண்ட் கீழே இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பேட்டரியே போய்விட்டது என்று டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டியில் பின்னைத் துடைத்ததும் ஓடியது உண்டு. இன்னொன்று பிரேக். இந்த வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டாலே மோட்டார் பிடித்துக் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும், அதனால் பிரேக்கை நாம் குறைவாகவே தொடுகிறோம். தேயாமல் சும்மா இருக்கும் டிஸ்க்கும் டிரம்மும் இந்தக் காற்றில் துருவேறும், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் இறுகும். தினமும் இரண்டு தடவையாவது பிரேக்கை நன்றாகப் பிடித்து ஓட்டுங்கள்.

கழுவுவது பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். உப்பைப் போக்கக் கழுவுகிறேன் என்று வீட்டு போர் தண்ணீரை அடிக்கிறார்கள், நம் பக்கம் முக்கால்வாசி போர் தண்ணீரே உப்பு. காய்ந்ததும் வெள்ளையாகப் படிவது என்ன? காற்று ஒரு வாரத்தில் போடும் உப்பை நாமே ஒரு வாளியில் போட்டுவிடுகிறோம். குடத்தில் பிடிக்கும் காவிரித் தண்ணீரில் வண்டி கழுவச் சொன்னால் வீட்டில் அடி விழும், எனக்கும் தெரியும். கழுவ வேண்டாம், துடைத்தால் போதும். அரைச் செம்பு நல்ல தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி, வாரம் ஒரு முறை கைப்பிடி, ஸ்டாண்ட், சாக்கெட் மூடியின் ஓரம், சக்கரத்தின் நட்டு, அப்புறம் காய்ந்த துணியில் ஒரு தடவை. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்ப் வைத்து அடிக்கவே விடாதீர்கள், வெளியே இருக்கும் உப்பை கனெக்டருக்குள் ஏற்றுவது அதுதான். எடுத்த அன்றே சர்வீஸ் சென்டரில் கேட்டு கனெக்டர்களில் சிலிக்கோன் டை எலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத, ஈரம் புகவிடாத கிரீஸ்) தடவச் சொல்லுங்கள். சாதாரண சக்கர கிரீஸ் வேண்டாம், அது ரப்பர் சீலை ஊதவைத்துவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவதும் தப்பு, ஈரம் உள்ளேயே நிற்கும். மேலே கூரை, பக்கத்தில் காற்றோட்டம், இதுதான் வண்டிக்கு நல்லது.

மோட்டார் வகையில் ஒரு சின்னத் தேர்வு இருக்கிறது. டிவிஎஸ் ஐக்யூபில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், பெல்ட், செயின் எதுவும் கிடையாது. ஏத்தரில் மோட்டார் நடுவில், பெல்ட் வழியாகச் சக்கரம் சுற்றும். பஜாஜ் சேத்தக்கின் பெரும்பாலான மாடல்களில் மூடிய பல்சக்கரப் பெட்டி. மணல் பறக்கும் தெருவில் வெளியே ஓடும் பாகம் குறைவாக இருப்பது நல்லது என்பதால் என் மனம் முதல் வகைக்கும் மூன்றாவது வகைக்கும் கொஞ்சம் சாய்கிறது. பெல்ட் வண்டி வாங்கியவர்கள் மணலைத் தட்டிச் சுத்தமாக வைத்து நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள், ஆகவே இதை ஒரு பெரிய காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேத்தக்கின் உடம்பு இரும்புத் தகடு, அடிபட்டால் பிளாஸ்டிக் மாதிரி உடையாது, ஆனால் பெயின்ட் பெயர்ந்த இடத்தை உடனே டச்சப் செய்யாவிட்டால் நம் ஊரில் துரு உள்ளே ஓடிவிடும். விடாவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகலாம். மாடியில் குடியிருப்பவர்களுக்கு அது பெரிய வசதி, உங்களுக்குத் தரைவீடு என்றால் அவசியமில்லை.

வீட்டில் சார்ஜ் போடும் இடத்தில் முதலில் எர்த் பாருங்கள். மணல் பூமியில் எர்த் கம்பி அடித்திருந்தாலும் கோடையில் மண் காய்ந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம், கம்பியும் துருவேறியிருக்கலாம். எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிட்டு, சார்ஜிங் பாயின்ட்டுக்குத் தனியாக ஒயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுவிடுங்கள். இதில் காசு பார்க்காதீர்கள். கீற்றுக் கொட்டகைக்குள், நைலான் வலை அடுக்கியிருக்கும் இடத்தில், படகுக்கு வாங்கி வைத்த டீசல், மண்ணெண்ணெய் கேன் பக்கத்தில் சார்ஜ் போடவே கூடாது. மின்வண்டி தீப்பிடிப்பது அரிதுதான், ஆனால் பிடித்தால் அணைப்பது கஷ்டம். வெயிலில் ஓட்டி வந்த உடனே பிளக்கைச் சொருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கரண்ட் இல்லாதபோது இன்வெர்ட்டரில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1.8 யூனிட்தான், வண்டியும் பாதி நிறையாது, வீட்டு ஃபேனும் நின்றுவிடும்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் 25 நாள் ஓட்டினால் இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 130 யூனிட் அளவில் கூடும், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து. அதே தூரத்துக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 45 மைலேஜ் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். வீட்டில் ஏசி இருந்து ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி வருகிறது என்றால் மட்டும் கவனம், அந்தக் கோட்டைத் தாண்டினால் பில் ஒரேயடியாகத் தாவும், அப்போது அலுவலக பிளக் இன்னும் லாபம். வாங்கும்போது பேச்சுக்குப் பேச்சு மானியம் என்பார்கள். மத்திய அரசின் மானியம் ஒரு காலத்தில் யூனிட்டுக்கு 15,000 ரூபாய் வரை இருந்தது, 2023 ஜூனில் 10,000, 2024 ஏப்ரலில் 5,000, 2025 ஏப்ரலில் 2,500 என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஆகவே யாரோ இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய விலையை வைத்துப் பேரம் பேசாமல், ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், சார்ஜர், மென்பொருள் வசதிகளுக்கான கட்டணம் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். சார்ஜரையும் ஆப் வசதிகளையும் தனிக் காசு என்று கடைசியில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது.

பழைய வண்டி மலிவாகக் கிடைத்தால், 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதா என்று பார்த்து வாங்குங்கள். 2022இல் நாடு முழுக்க சில வண்டிகள் தீப்பிடித்த பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள், அவை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. முந்தையதெல்லாம் மோசம் என்றில்லை, ஆனால் தெரியாத ஆளிடம் வாங்கும்போது அந்தத் தேதி ஒரு காப்பு.

இதுவரை எழுதியதில் காற்று, யூனிட், சட்டம், எர்த், இவையெல்லாம் உறுதியானவை. எட்டு வருடம், 80,000 கிலோமீட்டர் என்று சில கம்பெனிகள் கூடுதல் காசுக்குத் தரும் பேட்டரி வாரண்டியை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டால் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். எட்டு வருடம் இந்தக் காற்றில் நின்ற லித்தியம் வண்டி என் கைக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் அந்த வாரண்டியை வாங்கச் சொல்கிறேன், பேட்டரி மாற்றினால் அரை லட்சத்துக்கு மேல் ஆகும். வாங்கும் முன் விதிவிலக்குகளைப் படியுங்கள், "தண்ணீர் புகுந்தால்", "துரு", "வெளி ஆள் திறந்தால்" என்று எழுதியிருப்பதை ஷோரூமிலேயே வாய்விட்டுக் கேளுங்கள். எந்தக் கம்பெனி பத்து வருடம் கழித்தும் இருக்கும் என்பதும் என் கணிப்புக்கு அப்பாற்பட்டது. பழைய மோட்டார் கம்பெனிகளுக்கு ஸ்பேர் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது என் அனுமானம்.

ஆகவே கம்பெனியைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் ஒரே முறை இது: ராமநாதபுரத்தில் சொந்த சர்வீஸ் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒவ்வொரு தடவையும் டெம்போ வைத்து ஏற்றிப் போக முடியாது. ஷோரூமின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கம் போங்கள், சர்வீஸுக்கு வந்து நிற்கும் வண்டிகளின் மேல் எவ்வளவு தூசி என்று பாருங்கள். தூசி கனமாக இருந்தால் ஸ்பேருக்காகக் காத்து நிற்கிறது என்று அர்த்தம். அங்கே நிற்கும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஆட்களிடம் பேச்சுக் கொடுங்கள், கீழக்கரைக்காரர் சொல்வதையும் கேளுங்கள், எல்லாருக்கும் இதே காற்றுதான். டெஸ்ட் டிரைவை ஊருக்குள் ஒரு சுற்றோடு முடிக்காமல், சாவியை வாங்கிக்கொண்டு உச்சிப்புளி வரை கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்புங்கள், கச்சான் மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. கிளம்பும்போதும், உச்சிப்புளியிலும், திரும்பி வந்ததும் மீட்டரில் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் குறைந்த சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் உங்கள் காலைப் பயணத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு ஆகும் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணையும், அலுவலகத்தில் பிளக் உண்டா என்பதையும் எழுதுங்கள், மூன்றா மூன்றரையா என்று அப்போது திட்டமாகச் சொல்கிறேன்.